பழைய காருக்குப் புது பிரேக் வேண்டுமா?

சேலத்தில் என் மைத்துனரிடம் ஒரு மாருதி 800 கார் இருக்கிறது. சின்னக் கார். பழைய கார். ஆனாலும் அந்தக் குடும்பத்துக்கு அதுதான் ரதம்.

மனைவி மக்களோடு ஏற்காடு போய் வர அவர் ஆசைப்பட்டார். "பிரேக் கொஞ்சம் மந்தமாக இருக்கிறதே" என்று காரை ஒரு பட்டறைக்குக் கொண்டு போனார்.

அங்கே இருந்தவர் காரைச் சுற்றிப் பார்த்தார். "பின் சக்கரத்தில் இருப்பது பழைய காலத்து டிரம் பிரேக், சார். அதைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் போட்டு விடலாம். ஆணி அடித்த மாதிரி நிற்கும்" என்றார்.

செலவு? முப்பதாயிரம் ரூபாய்!

மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு எடுத்து வைத்த பணம் வீட்டில் இருந்தது. "பணம் போனால் சம்பாதிக்கலாம் மச்சான். உயிர் போனால்?" என்று என்னிடம் கேட்டார்.

நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்த வயதான மெக்கானிக் ஒருவரிடம் அவரை அழைத்துப் போனேன்.

காரை நிறுத்துவது எது?

"தம்பி, காரை நிறுத்துவது எது?" என்று பெரியவர் கேட்டார்.

"பிரேக்" என்றார் மைத்துனர்.

"இல்லை. பிரேக் சக்கரத்தை நிறுத்துகிறது. காரை நிறுத்துவது டயர்!"

யோசித்துப் பாருங்கள். பிரேக்கை ஓங்கி மிதிக்கிறீர்கள். சக்கரம் சுற்றாமல் நின்று விடுகிறது. கார் மட்டும் 'கிரீச்' என்று சறுக்கிக் கொண்டு போகிறது. அப்படியானால் பிரேக்குக்குப் போதிய பலம் இருக்கிறது. டயருக்குத்தான் பிடி இல்லை. அந்தக் காருக்கு எவ்வளவு பெரிய பிரேக் போட்டாலும் ஓர் அடி கூட முன்னதாக நிற்காது.

(இதைச் சோதித்துப் பார்க்க யாரும் ரோட்டுக்குக் கிளம்பி விடாதீர்கள்!)

சக்கரம் இப்படிப் பூட்டிக் கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். என்ற கருவி, 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்கும் புதுக் கார்களுக்குக் கட்டாயம். மாருதி 800 உற்பத்தி 2014-லேயே நின்று விட்டது. அதில் ஏ.பி.எஸ். கிடையாது.

பம்பரம் போல...

பஸ்ஸில் நின்று கொண்டு போகிறீர்கள். டிரைவர் பிரேக் போடுகிறார். எந்தப் பக்கம் சாய்கிறீர்கள்? முன் பக்கம்!

காரும் அப்படித்தான். பிரேக் போட்டதும் பாரம் முன் சக்கரங்களின் மேல் விழுகிறது. பின் சக்கரங்கள் லேசாகி விடுகின்றன. லேசான சக்கரத்துக்கு ரோட்டில் பிடி குறைவு. இதை அறிந்துதான் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்று வைத்தார்கள். கஞ்சத்தனம் மட்டும் காரணம் அல்ல.

அந்த லேசான சக்கரத்தில் பலமான பிரேக்கை மாட்டினால்? முன் சக்கரத்துக்கு முந்திக் கொண்டு பின் சக்கரம் நின்று விடும். காரின் வால் பக்கவாட்டில் திரும்பும். மழை ரோட்டில் பம்பரம் போலச் சுற்றினாலும் சுற்றும்.

இன்னொன்று. கைப்பிரேக் வேலை செய்வதும் அந்தப் பின் டிரம்மில்தான். அதற்கும் வேறு ஏற்பாடு செய்ய வேண்டும். வண்டியை இஷ்டம்போல் மாற்றுவதற்கு 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்பாடு விதிக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மலையில் என்ன ஆகும்?

"ஏற்காட்டுப் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றனவே!" என்றார் மைத்துனர்.

இங்கேதான் சூடு என்ற எதிரி வருகிறான். ஓடுகிற வேகத்தை பிரேக் சூடாக மாற்றுகிறது. டிஸ்க் பிரேக் அந்தச் சூட்டைச் சீக்கிரம் காற்றில் விட்டு விடும். 1953-ல் பிரான்ஸ் நாட்டின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்கோடு ஓடி வென்றது. ஆனால் நம் மைத்துனர் போவது பந்தயத்துக்கு அல்லவே!

மலை இறக்கத்தில் காலை எடுக்காமல் பிரேக்கை மிதித்தால், அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. இந்த ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். 'டாட்-3' வகைப் புது ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிய ஆயில் 140 டிகிரியிலேயே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி வரும். மிதி தரை வரை போகும். பிரேக் பிடிக்காது! பழைய ஆயிலை வைத்துக் கொண்டு டிஸ்க் போட்டாலும் இந்த ஆபத்து போகாது.

சக்கரத்தைக் கழற்றினால்...

பெரியவர் பின் சக்கரத்தைக் கழற்றினார். சிலிண்டரில் ஆயில் கசிந்து பிரேக் ஷூவை நனைத்திருந்தது. பிரேக் மந்தமானதற்குக் காரணம் அதுதான். முதல் பட்டறைக்காரர் நோயிருந்த இடத்தைச் சரியாகத்தான் காட்டினார். மருந்துதான் தவறு.

பிறகு டயரைத் தட்டிக் காட்டினார். அதில் 2214 என்ற எண் இருந்தது. 2014-ம் ஆண்டின் 22-வது வாரத்தில் செய்தது என்று அர்த்தம். கார் அதிகம் ஓடாததால் டயரில் பட்டை தேயவில்லை. ஆனால் ரப்பர் கட்டையாக இறுகி விட்டது. பார்வைக்குப் புது டயர், வயதோ பழுத்த வயது!

நான்கு டயர்கள், சிலிண்டர், ஷூ, முன் சக்கரத்துக்குப் பேட், புது பிரேக் ஆயில். எல்லாம் சேர்த்து முப்பதாயிரத்தில் பாதிதான் ஆயிற்று. அதிலும் பெரும் பகுதி டயருக்கு.

கூலியை வாங்கிக் கொண்டு பெரியவர் சொன்னார்: "ஏறிய கியரிலேயே இறங்குங்கள், தம்பி. பெட்ரோலை மிச்சப்படுத்த என்ஜினை மட்டும் அணைத்து விடாதீர்கள். பூஸ்டர் வேலை செய்யாது. மிதி கல் மாதிரி ஆகி விடும்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடும்பம் ஏற்காடு போனது. இறங்கும்போது இரண்டாவது கியர். பின் ஸீட்டில் சின்னவன் வளைவுகளை உரக்க எண்ணிக் கொண்டு வந்தான். பின்னால் ஒரு வேன் ஹாரன் மேல் ஹாரன் அடித்தது. மைத்துனர் அசையவில்லையாம். ஓர் அகலமான இடம் பார்த்து ஒதுங்கி அதற்கு வழி விட்டாராம். அதற்குள் சின்னவனுக்குக் கணக்குத் தப்பி விட்டது!