பேட்டரி செத்தாலும் கதவு திறக்கணும்!
பழைய 'பிக்-அப்' வண்டிகளுக்குக் கைப்பிடி வைத்தியம்

கதவு இருக்கிறது, கைப்பிடியைக் காணோம்! பொத்தானை அமுக்கினால் 'டப்' என்று கதவு தானே திறக்கிறது.

மாயாஜாலம் அல்ல. அமெரிக்காவில் 1947 முதல் 1955 வரை வந்த செவர்லே, 1948-ல் வந்த ஃபோர்டு எப்-1 போன்ற பழைய பிக்-அப் வண்டிகளைப் புதுப்பிப்பவர்களில் பலர் செய்யும் ஜோடனை இது.

வெளிக் கைப்பிடியைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் செய்துவிடுகிறார்கள். கதவுக்குள் 'சாலினாய்டு' என்ற மின்காந்தம். பொத்தானை அமுக்கினால் அது கொண்டியை இழுத்து விடும்.

உள்ளே இருப்பவர் கதி?

அழகு சரி. பேட்டரி செத்துப்போச்சுன்னா? விபத்தில் ஒயர் அறுந்தால்? உள்ளே இருப்பவர் எப்படி வெளியே வருவார்?

அதனால்தான் விவரமான மெக்கானிக்குகள் உள் கைப்பிடிக்குக் கரண்டை நம்புவதில்லை. அது கையால் திருப்பினால் திறக்கணும்.

இன்னொரு வில்லங்கம் பழைய கொண்டி. பலமான மோதலில் அது விட்டுவிடும்; கதவு திறந்து ஆள் வெளியே விழுவார். இதைத் தடுக்கவே 1956 மாடல்களில் ஃபோர்டு கம்பெனி பாதுகாப்புக் கொண்டி வைத்தது.

கரடி நகம்

பழசை எடுத்துவிட்டு, 'கரடி நகம்' என்று செல்லப்பெயர் பெற்ற புதுக் கொண்டியை மாட்டுகிறார்கள். கதவு நிலையில் உள்ள தடித்த முளையை அது கவ்விப் பிடிக்கும்.

சிக்கல் இங்கேதான். பழைய கைப்பிடி திரும்பும்போது ஒரு கம்பியை இழுக்கும். புதுக் கொண்டிக்கோ இழுக்கும் திசை வேறு, தூரம் வேறு. எனவே நடுவில் ஒரு நெம்புகோலோ கேபிளோ வைக்கணும்.

கம்பி தொளதொளவென்று இருந்தால் கைப்பிடி திரும்பும், கதவு திறக்காது. ரொம்ப விறைப்பாக இருந்தால் கொண்டி சரியாகக் கவ்வாது. ஓடும்போதே கதவு திறந்துகொள்ளும்!

மூடுமுன் சோதனை

அவசரப்பட்டுக் கதவை மூடினால் போச்சு. முதலில் கதவைத் திறந்தே வைத்து, ஸ்குரூ டிரைவரால் நகத்தை மூடுவார்கள். 'டிக், டிக்' என்று இரண்டு சத்தம் கேட்கணும். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு உள் கைப்பிடியைத் திருப்பணும். நகம் விட்டால்தான் கதவை மூடலாம். அப்போதும் கண்ணாடியை இறக்கி வைத்துத்தான்!

வெளியிலிருந்து திறக்க, வண்டிக்கு அடியில் ரகசியமாக ஒரு கேபிளும் உண்டு.

பளபளப்பு ஊர் பார்க்க. உள் கைப்பிடி உயிர் காக்க!