வேலை மாறும்போது பி.எஃப் பணத்தை எடுத்துடுறீங்களா? பென்ஷனே போயிடலாம்... இதைத் தெரிஞ்சுக்கோங்க!

ஒரகடத்தில் 2 வருஷம், ஓசூரில் 3 வருஷம், அப்புறம் கோவை... இப்படி கம்பெனி மாறுவது இன்று சகஜம். ஒவ்வொரு முறை வேலையை விடும்போதும் பலர் பி.எஃப் பணத்தை மொத்தமாக எடுத்துவிடுகிறார்கள். "நம்ம பணம்தானே, எடுத்தா என்ன?" என்று தோன்றலாம். ஆனால், பணத்தோடு சேர்த்து பென்ஷனுக்கான வருடங்களும் போய்விடும் என்பதுதான் சிக்கலே. எப்படி? பார்க்கலாம்.

பிடிக்கும் பணம் எங்கே போகிறது?

அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படி இரண்டும் சேர்ந்த தொகையில் 12% உங்களிடம் பிடிக்கப்படும். நிறுவனமும் 12% போடும். உங்கள் பங்கு முழுவதும் பி.எஃப் கணக்குக்குப் போகும். நிறுவனத்தின் பங்கில் 8.33% மட்டும் இ.பி.எஸ் எனும் பென்ஷன் திட்டத்துக்குப் போகும். இதற்கான சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய். அதாவது மாதம் அதிகபட்சம் 1,250 ரூபாய். 2014 செப்டம்பருக்குப் பிறகு, இந்த உச்சவரம்புக்கு மேல் சம்பளத்தில் முதன்முறையாக பி.எஃப்-ல் சேர்ந்தவர்களுக்கு இ.பி.எஸ் கிடையாது.

10 வருஷக் கணக்கு என்ன?

58 வயதில் மாதப் பென்ஷன் வர, மொத்தம் 10 வருட சர்வீஸ் வேண்டும். ஒரே கம்பெனியில் இருக்கணும்னு அவசியம் இல்லை. பென்ஷனுக்கான சம்பளத்தை சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் வருவதுதான் மாதப் பென்ஷன்.

உதாரணமாக, ஒருவர் முதல் கம்பெனியில் 6 வருஷம், அடுத்ததில் 8 வருஷம் வேலை பார்க்கிறார். இரண்டையும் சேர்த்தால் 14 வருஷம். 15,000 ரூபாய் சம்பளக் கணக்கில் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன். அவருக்குப் பிறகு மனைவிக்கோ கணவருக்கோ அதில் பாதி வரும்.

அதே நபர் முதல் வேலையை விட்டதும் இ.பி.எஸ் பணத்தை எடுத்துவிட்டால்? அந்த 6 வருஷம் கணக்கிலேயே வராது. மிச்சம் 8 வருஷம்தான். மாதப் பென்ஷன் கிடையாது!

வட்டியிலும் நஷ்டமா?

ஆமாம். 2024-25-ம் ஆண்டுக்கான பி.எஃப் வட்டி 8.25%. இதே வட்டி தொடர்ந்தால், 28 வயதில் எடுக்காமல் விட்ட 50,000 ரூபாய், 58 வயதில் சுமார் 5.4 லட்சமாக இருக்கும். வட்டி ஆண்டுதோறும் மாறும் என்றாலும், இழப்பு எவ்வளவு பெரியது என்பது புரியும். தவிர, 5 வருட சர்வீஸ் முடியாமல் எடுத்தால் பொதுவாக வருமான வரியும் உண்டு.

அவசரத் தேவைன்னா?

வேலை போய், வாடகைக்கே வழியில்லாதவரிடம் 'எடுக்காதீங்க' என்று சொல்ல முடியாது. அப்படி எடுத்தே ஆகணும்னா, பி.எஃப் பணத்தை மட்டும் எடுங்க. இ.பி.எஸ்-க்கான 10சி படிவத்தில், பணத்துக்குப் பதிலாக 'ஸ்கீம் சர்டிபிகேட்' கேளுங்க. உங்கள் சர்வீஸ் வருடங்கள் அப்படியே பத்திரமாக இருக்கும். வேலையில் இருக்கும்போதே மருத்துவம், திருமணம், வீடு போன்றவற்றுக்கு அட்வான்ஸ் எடுத்தால் பென்ஷன் சர்வீஸ் குறையாது.

வேலையை விட்ட பிறகு முழு பி.எஃப் தொகையை எடுப்பதற்கான காத்திருப்பை 2 மாதத்திலிருந்து 12 மாதமாகவும், இ.பி.எஸ் பணத்துக்கு 36 மாதமாகவும் நீட்டிக்க 2025 அக்டோபரில் இ.பி.எஃப்.ஓ-வின் மத்திய அறங்காவலர் குழு முடிவெடுத்தது. எனவே, விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்வது நல்லது.

வேலை மாறினால் செய்ய வேண்டியவை

* புதிய கம்பெனியில் பழைய யு.ஏ.என் எண்ணையே கொடுங்க. புதிதாக வாங்காதீங்க.
* பழைய கம்பெனி, நீங்கள் வேலையை விட்ட தேதியைப் பதிவு செய்திருக்கிறதா என்று பாருங்க.
* பழைய கணக்கில் உள்ள தொகையை புதிய கணக்குக்கு மாற்ற ஆன்லைனிலேயே விண்ணப்பிக்கலாம்.
* ஆதார், பான், வங்கிக் கணக்கில் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கட்டும்.

இ.பி.எஃப்.ஓ தளத்தில் 'சர்வீஸ் ஹிஸ்டரி' பகுதிக்குப் போனால், எத்தனை கம்பெனி, எத்தனை வருஷம் என்பது தெரிந்துவிடும். அங்கே ஏதாவது ஒரு கம்பெனி விடுபட்டிருந்தால், 58 வயது வரை காத்திருக்காமல் இப்போதே சரி செய்துவிடுங்கள்.