ஏஞ்சல் குஞ்சுகளின் முதல் மாதம்

ஏஞ்சல் மீனை முட்டையிட வைக்க யாரும் பெரிதாக மெனக்கெட வேண்டியதில்லை. ஆறேழு மீன்கள் ஒரே தொட்டியில் சேர்ந்து வளர்ந்தால், எட்டுப் பத்து மாதத்தில் அவற்றில் இரண்டு ஜோடி சேர்ந்து, ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மற்றவற்றை விரட்ட ஆரம்பிக்கும். ஒரு நாள் பார்த்தால் நிமிர்ந்து நிற்கும் இலையிலோ, ஃபில்டர் குழாயிலோ, வேறெதுவும் கிடைக்காவிட்டால் தொட்டியின் கண்ணாடியிலோ முட்டைகள் வரிசை வரிசையாக ஒட்டியிருக்கும். நூறும் இருக்கலாம், ஐந்நூறும் இருக்கலாம். வீட்டில் எல்லாரும் வந்து எட்டிப் பார்ப்பார்கள். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு குஞ்சுகூட மிஞ்சியிருக்காது.

தாயும் தகப்பனும் தின்றுவிட்டன என்பார்கள். அது பாதி உண்மை. முட்டைகளைத் தனியே எடுத்துப் பத்திரமாகப் பொரிக்கவைத்தவர்களிடமும் குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய மூன்று நான்கு நாளில் கொத்துக் கொத்தாகச் சாகின்றன. அங்கே குற்றவாளி பசி, அல்லது பசியைத் தீர்க்கப் போட்ட தீனியால் கெட்ட தண்ணீர். குஞ்சு வாய் திறக்கும் நாளில் அதன் தீனியும் உயிரோடு பிறந்திருக்க வேண்டும். இந்த இரண்டு பிறப்பையும் ஒரே நாளில் கொண்டுவந்து சேர்ப்பதில்தான் வளர்ப்பவரின் கைத்திறன் இருக்கிறது.

கடைகளில் கிடைக்கும் ஏஞ்சல் பெரும்பாலும் டெரோஃபில்லம் ஸ்காலரே என்ற இனத்தின் வழி வந்தது. அமேசான் ஆற்றுப் படுகை அதன் ஊர். நம் ஏரிகளில் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டை சேர்ந்த சிக்லிட் குடும்பம்தான் இதற்கும். ஆனால் சென்னை கொளத்தூரில் வாங்கும் ஏஞ்சல் அமேசானைப் பார்த்ததில்லை. அதன் பாட்டன் முப்பாட்டன் எல்லாம் தொட்டியில் பிறந்தவை. பல தலைமுறையாக முட்டைகளை மனிதர் எடுத்துப் பொரிக்கவைத்தே பெருக்கியதால், குஞ்சைப் பேணும் குணம் தொட்டி ஏஞ்சல்களிடம் மங்கிவிட்டது என்று அனுபவமுள்ள வளர்ப்பாளர்கள் பலர் சொல்கிறார்கள். நல்ல ஜோடி அமைந்தால் அது பார்க்க வேண்டிய காட்சிதான். இரண்டும் மாறி மாறி முட்டைகளுக்குத் துடுப்பால் விசிறும், வெளுத்த முட்டையைப் பொறுக்கி எடுக்கும், பொரித்த குஞ்சுகளை வாயில் அள்ளி வேறு இலைக்கு மாற்றும். ஆனால் முதல் இரண்டு மூன்று ஈட்டில் முட்டைகளைத் தின்றுவிடும் ஜோடிகளே அதிகம். குஞ்சு வேண்டும் என்பவர் முட்டைகளை எடுத்துவிடுவது நல்லது.

எடுப்பது எளிது. முட்டை ஒட்டிய இலையையோ குழாயையோ, அதே தொட்டித் தண்ணீர் நிரப்பிய சிறு கண்ணாடித் தொட்டிக்கு மாற்றி, முட்டைகளுக்குப் பக்கத்தில் ஏர் ஸ்டோனைக் குமிழ்விட வேண்டும். குமிழி முட்டை மேலேயே மோதக் கூடாது. தண்ணீர் இளநீலமாகும் அளவுக்கு மெத்திலீன் ப்ளூ சேர்த்தால் பூஞ்சை கட்டுப்படும். கருக்கட்டாத முட்டை ஓரிரு நாளில் வெள்ளையாகிவிடும். அதில் பிடிக்கும் பூஞ்சை பக்கத்து முட்டைக்கும் பரவும். மொத்த முட்டையும் வெளுத்தால் மருந்தைக் குறை சொல்வதற்கு முன் ஜோடியைச் சந்தேகப்படலாம். ஏஞ்சலில் ஆண் பெண் அடையாளம் காண்பது கடினம். இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து கடமையாக முட்டையிட்டுக் காவல் காப்பதும் உண்டு.

தண்ணீர் 27, 28 டிகிரி செல்சியஸில் இருந்தால் ஏறத்தாழ இரண்டு இரண்டரை நாளில் முட்டை பொரியும். பொரிந்ததை மீன் என்று சொல்ல மனம் வராது. வால் மட்டும் துடிக்கும் ஒரு துளி அது. தலையில் உள்ள பிசின் சுரப்பிகளால் இலையில் ஒட்டித் தொங்கிக்கொண்டு, வாலை ஓயாமல் ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் புதுத் தண்ணீரையும் பிராணவாயுவையும் அதனிடம் கொண்டுவருகிறது. வயிற்றில் மஞ்சள் கருப் பை தொங்கும். நீந்தும் வரை அதுதான் சோறு.

புதிதாக வளர்ப்பவர்கள் அவசரப்படுவது இந்தக் கட்டத்தில்தான். பிறந்த குழந்தைக்குப் பால் கொடுக்காமல் விடலாமா என்ற பதற்றத்தில் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். அதைத் தின்ன அந்த உயிருக்கு இன்னும் திறந்த வாய் இல்லை. கரு தரையில் படிந்து அழுகும். தொங்கும் குஞ்சுகள் அந்த அழுகலிலேயே மூழ்கும். பொரித்து ஏறத்தாழ ஐந்து நாள் ஆனதும் கருப் பை கரைந்து, குஞ்சுகள் இலையை விட்டுக் கிளம்பி, ஒரே கூட்டமாகக் கிடைமட்டமாக நீந்தும். எல்லாம் ஒரே மணியில் எழாது. முந்தியவை நேற்றே எழுந்திருக்கும், பிந்தியவை நாளை எழும். பெரும்பாலானவை எழுந்த அன்று முதல் வேளைத் தீனி.

இந்த முதல் வேளைக்கு ஆர்ட்டீமியாவுக்கு ஈடானது வேறில்லை என்பது என் கட்சி. உப்பு ஏரிகளிலும் உப்பளங்களிலும் வாழும் இறால் வகை உயிரி அது. தூத்துக்குடி உப்பளங்களிலும் உண்டு. அங்கே நெடுங்காலமாக உள்ள வகையில் ஆணே இல்லாமல் பெண்கள் மட்டும் இனம் பெருக்குகின்றன. உப்பு மிகுந்து நீர் வற்றும் காலத்தில் ஆர்ட்டீமியா, குஞ்சுக்குப் பதிலாகக் கெட்டி ஓடுள்ள முட்டைகளை இடும். கால் மில்லிமீட்டர் அளவுள்ள அந்தப் பழுப்புத் தூளுக்குள் ஏறத்தாழ நாலாயிரம் செல்களோடு வளர்ச்சி நின்றுபோன கரு இருக்கிறது. உலர்ந்த நிலையில் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். 1972-இல் அப்பல்லோ 16, 17 பயணங்களில் இந்த முட்டைகளை நிலா வரை கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்து, விண்வெளிக் கதிர்கள் அவற்றை என்ன செய்தன என்று ஆராய்ந்தார்கள். மீன் குஞ்சுக்கு இதைத் தரலாம் என்று 1933-இல் எழுதியவர் ஆல்வின் சீல், சான் பிரான்சிஸ்கோவின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தை நடத்தியவர். 1939-இல் நார்வேயின் ரோலெஃப்சன் கடல் மீன் குஞ்சுகளுக்குக் கொடுத்து அதையே கண்டார். இன்று கடையில் தகர டப்பாவில் விற்கும் முட்டைகளில் கணிசமான பங்கு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள கிரேட் சால்ட் ஏரியில் அள்ளியது.

பொரிக்கவைக்க அடிப்பாகம் வெட்டித் தலைகீழாக நிறுத்திய பிளாஸ்டிக் பாட்டில் போதும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 முதல் 30 கிராம் கல் உப்பு. தண்ணீர் மென்மையானதாக இருந்தால் ஒரு சிட்டிகை சமையல் சோடா, கார நிலை குறையாமல் காக்கும். இருநூறு குஞ்சுக்குக் கால் டீஸ்பூன் முட்டை தாராளம். ஏர் பம்ப் குழாயை அடி வரை விட்டு, முட்டை எங்கும் தங்காமல் கலங்கிக்கொண்டே இருக்கச் செய்ய வேண்டும். மேலே ஒரு விளக்கு. நனைந்த முட்டை விழித்துக்கொள்ள வெளிச்சமும் வேண்டும். 28 டிகிரியில் சுமார் 24 மணி நேரத்தில் தண்ணீர் ஆரஞ்சு நிறமாகும். காற்றை நிறுத்திப் பத்து நிமிடம் விட்டால் வெற்று ஓடுகள் மேலே மிதக்கும், பொரியாத முட்டை அடியில் படியும். பொரிந்தவை வெளிச்சத்தை நாடுபவை. பக்கவாட்டில் டார்ச் காட்டினால் அங்கே ஆரஞ்சு மேகமாகத் திரளும். அங்கிருந்து மெல்லிய குழாயால் உறிஞ்சி, நெருக்கமான நெசவுள்ள கைக்குட்டையில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசித் தொட்டியில் விட வேண்டும். அலசாவிட்டால் வேளைக்கு வேளை உப்பு சேரும். ஓடுகளும் கூடவே போனால் குஞ்சின் குடலில் அடைத்துக்கொள்ளலாம்.

பொரிந்த ஆர்ட்டீமியாவுக்கும் வயிற்றில் கருச்சத்து உண்டு. முதல் சில மணி நேரம் அதுவும் எதையும் தின்னாது. அந்தச் சத்துக்காகத்தான் இத்தனை பாடும். எட்டு மணி நேரம் போல ஆனதும் அது சட்டை உரிக்கும், தன் சத்தைத் தானே எரிக்கத் தொடங்கும், உருவமும் பெரிதாகும். ஒரு நாள் பட்டினி கிடந்த ஆர்ட்டீமியாவில் கால் பங்குச் சத்து போயிருக்கும். ஆகவே பொரிந்த உடனே கொடுக்க வேண்டும். மிஞ்சியதை உப்புத் தண்ணீரோடு தட்டையான பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் வரை பெரிதாகக் கெடாது. இதனால்தான் பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டியிருக்கிறது. ஏஞ்சல் முட்டை ஞாயிறு மாலை கண்ணில் பட்டால் செவ்வாய் இரவோ புதன் காலையோ பொரியும். அடுத்த திங்கள் வாக்கில் நீந்தும். ஞாயிறு காலையிலேயே முதல் பாட்டிலைப் போட்டுவிட வேண்டும். பிறகு பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இரண்டாவது பாட்டில். இரண்டு பாட்டிலும் மாறி மாறி ஓடினால் காலையிலும் மாலையிலும் புதுத் தீனி கைவசம் இருக்கும்.

தின்றதா என்று கேட்கத் தேவையே இல்லை. ஏஞ்சல் குஞ்சின் உடல் கண்ணாடி போல் தெளிவு. வயிறு ஆரஞ்சு உருண்டையாகத் தெரியும். பத்து நிமிடத்தில் பத்தில் ஒன்பது குஞ்சுக்கு வயிறு சிவந்திருந்தால் அளவு சரி. நாளைக்கு நான்கு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. வேலைக்குப் போகிறவர்கள் காலை, மாலை, இரவு என்று மூன்றாகக் குறைத்தாலும் குஞ்சு பிழைக்கும், வளர்ச்சி சற்றுத் தாமதிக்கும். அதற்காக மூன்று வேளைத் தீனியை ஒரே வேளையில் கொட்டக் கூடாது. உப்பு நீர் உயிரியான ஆர்ட்டீமியா நன்னீரில் சில மணி நேரமே தாங்கும். பிறகு செத்து அழுகும்.

அழுகினால் அம்மோனியா. இங்கே சென்னைத் தண்ணீர் நமக்கு எதிராக வேலை செய்கிறது. அமில நீரில் அம்மோனியாவின் பெரும்பகுதி அவ்வளவு கேடில்லாத அம்மோனியம் வடிவில் இருக்கும். பி.எச். ஒரு அலகு ஏறினால் நஞ்சான வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. சூடு ஏறினாலும் கூடுகிறது. போர் தண்ணீர் பல இடங்களில் கடினம், கூடவே காரம். குஞ்சுத் தொட்டியோ 28 டிகிரி. பல நாள் மாற்றாமல் விட்ட தண்ணீர் மெல்ல அமிலமாகியிருக்கும்; அதில் திடீரென்று பாதிக்குப் பாதி போர் தண்ணீர் ஊற்றினால், தூங்கிக்கிடந்த அம்மோனியம் ஒரே மூச்சில் நஞ்சாகும். சுத்தம் செய்த மறுநாள் குஞ்சு சாவதற்கு இதுவும் ஒரு காரணம். வாரம் ஒரு முறை பெரிதாக மாற்றுவதைவிடத் தினமும் கால் பங்கு, அதே சூட்டில், மாற்றுவது மேல். குழாய்த் தண்ணீரில் குளோரின் இருந்தால் ஒரு நாள் காற்றூதி வைத்துப் பயன்படுத்தலாம். பிடித்து வைத்த மழைத் தண்ணீரைக் கலந்தால் கடினம் குறையும். முட்டை பொரிக்க மென்மையான நீரே ஏற்றது.

தரையில் மணலோ கல்லோ வேண்டாம். பெரிய தொட்டியில் சில வாரம் ஓடி, நல்ல பாக்டீரியா குடியேறிய ஸ்பான்ஜ் ஃபில்டரை எடுத்து இங்கே மாட்டினால் அம்மோனியாவைத் தின்ன ஆள் வந்துவிட்டது. ஏர் குழாயால் அடியில் உள்ள கசடை உறிஞ்சும்போது வெள்ளை வாளியில் இறக்குங்கள். தப்பித் தவறி வந்த குஞ்சு வெள்ளைப் பின்னணியில் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடியில் நூல் நூலாகக் கைகள் விரித்து ஒட்டியிருப்பது ஹைட்ரா. நாம் போடும் ஆர்ட்டீமியாவில் கொழுத்துப் பெருகிவிட்டுக் குஞ்சையும் பிடிக்கும். கண்டால் தொட்டியை மாற்றிவிடுவதே சுலபம்.

ஆர்ட்டீமியா கிடைக்காதவர்களுக்கு வினிகர் புழு கை கொடுக்கும். நன்னீரில் நாள்கணக்கில் உயிரோடு நெளியும், நடுநீரில் மிதக்கும், தொட்டியைக் கெடுக்காது. வளர்ச்சி மட்டும் ஆர்ட்டீமியா அளவுக்கு வராது. மைக்ரோ வர்ம் அடியில் போய்ப் படியும். நடுநீரில் நீந்தும் ஏஞ்சலுக்கு அவ்வளவு தோதில்லை. டிஸ்கஸ் மீனின் குஞ்சுகள் தாய் தந்தையின் தோலில் ஊறும் கோழையைத் தின்று வளர்வதைக் கேள்விப்பட்டு, ஏஞ்சலுக்கும் அது வேண்டுமோ என்று சிலர் கேட்கிறார்கள். ஏஞ்சல் அதை நம்பி இல்லை. அதனால்தான் பெற்றோர் இல்லாமலே அதை வளர்க்க முடிகிறது.

முதல் இரண்டு வாரம் பார்த்தால் எந்தக் குளத்துக் குஞ்சு என்றே சொல்ல முடியாது, வெறும் நீளக் கீற்று. மூன்றாம் வாரம் உடல் உயரத் தொடங்கும்; மேலும் கீழும் துடுப்பு நீளும்; நான்கு ஐந்து வாரத்தில் நாணய அளவில் முழு ஏஞ்சல் உருவம். இரண்டாம் வாரக் கடைசியிலிருந்து நுணுக்கிய உலர் தீனியைப் பசி வேளையில் முதலில் காட்டி, பிறகு ஆர்ட்டீமியா கொடுத்துப் பழக்கலாம். இதற்குள் தொட்டியைப் பெரிதாக்கியிருக்க வேண்டும். நெருக்கடியில் வளர்ந்த ஏஞ்சல் குட்டையாகவே நின்றுவிடும். பிறகு எவ்வளவு பெரிய தொட்டிக்கு மாற்றினாலும் முழு உயரம் எட்டுவது அரிது. முதுகு வளைந்ததையும் துடுப்பில்லாததையும் தனியே பிரிக்கும் வேலை யாருக்கும் பிடிக்காது. பிரிக்காமல் விற்றால் கடைக்காரர் அடுத்த முறை வாங்கமாட்டார்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். முட்டையை எடுத்துவிட்ட ஜோடி இரண்டு வாரத்தில் மறுபடி முட்டையிடும். அப்போது முதல் ஈட்டுக் குஞ்சுகள் வீட்டிலுள்ள எல்லா வாளியையும் பிடித்திருக்கும். அந்த இரண்டாம் ஈட்டை இலையிலேயே விட்டுவிடுங்கள். வளர்க்கத் தெரிந்த ஜோடியா என்பது அதிலேயே தெரிந்துவிடும். இல்லையென்றால் தின்றுவிட்டு, அடுத்த இரண்டு வாரத்தில் மூன்றாவது ஈட்டை இடும்.