வாழ்த்தும் ஒலியும்



திருத்தணிகைக்கு அணித்தேயுள்ள அம்மையார்குப்பம் ஆந்திர எல்லையை அடுத்த ஊர். இத்தகைய எல்லையூர்களில் தமிழும் தெலுங்கும் அண்டை வீட்டாராய் வாழ்கின்றன. யுகாதித் திருநாளன்று தெலுங்கில் வாழ்த்த விரும்பும் தமிழர், 'சுபாகாங்க்ஷலு' என்னும் சொல்லில் மூச்சொலி கலந்து வரும் பகரத்தைச் சற்று முயன்றே பெறல் வேண்டும். முயற்சி சிறிது, அதனால் கேட்பவர் எய்தும் மகிழ்ச்சியோ பெரிது. இப்பழக்கம் உடையார்க்குக் கடல் கடந்த மொழியின் வாழ்த்தும் அரிதாகாது. தென்னாப்பிரிக்காவில் வழங்கும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைச் சான்றாகக் கொள்வோம்.

அம்மொழியைக் கருதக் காரணம் உண்டு. 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. 1911 வரையில் 1,52,184 இந்தியர் ஒப்பந்தத் தொழிலாளராய் நேட்டாலுக்குச் சென்றனர். அவருள் அந்நாளைய வட ஆர்க்காட்டு மாவட்டத்தார் பலர். திருத்தணி வட்டாரமும் அப்போது அம்மாவட்டத்தைச் சேர்ந்ததே.

ஆப்பிரிக்கான்ஸ், டச்சு மொழியின் வழித்தோன்றல். 17ஆம் நூற்றாண்டில் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் கோட்டை கட்டி வாணிகம் செய்த டச்சுக்காரரே, 1652இல் நன்னம்பிக்கை முனையிலும் குடியேறினர். நாம் வழங்கும் 'துட்டு' அவர்கள் விட்டுச் சென்ற சொல். நம் 'கட்டில்' பிறர் வாய்வழியே அங்குச் சென்று 'காட்டல்' ஆயிற்று. ஆகவே, அம்மொழி நமக்கு முற்றும் அயலன்று.

இனி ஒலிப்பு முறையைக் காண்போம். கிறிஸ்துமஸ் நாளில் அங்குள்ளோர் கூறும் வாழ்த்து 'ஃகசியன்ட கெர்ஸ்ஃபியஸ்' என்பது. முதலெழுத்தில்தான் இடர்ப்பாடு. அஃது ஆங்கிலேயரின் 'ஜி' எழுத்தால் எழுதப்படினும், ககரமும் அன்று, ஜகரமும் அன்று. அடிநாவின் மேல் காற்று உராய்ந்து வரும் ஒலி. 'மகன்' என்னும்போது இடையிலுள்ள ககரம் மென்மையுற்று ஒலிக்கிறதன்றோ? அதனைச் சற்று அழுத்தினால் அவ்வொலி பிறக்கும். ஆய்தம் ஏந்திய நம் மொழிக்கு இது புதிதன்று. அடுத்த சொல்லின் முதலிலுள்ள ககரமோ, 'கல்' என்பதிற்போல வல்லொலியே. 'சி' என்னுமிடத்தில் அழுத்தம் தருக. 'ன்ட' என்பதன் இறுதி அகரத்தை, 'நாடு' என்பதன் ஈற்று உகரம் குறுகுவது போலக் குறுக்குக.

புத்தாண்டு வாழ்த்து 'ஃகலெக்கஃக நீவயார்' என்பது. 'லெ' என்பதையும் 'நீ' என்பதையும் இதழ் குவித்து ஒலித்தல் வேண்டும். எழுத்தில் 'ஜே' காணப்படும் இடத்தில் யகரமும், 'டபிள்யூ' காணப்படும் இடத்தில் வகரமும் ஒலிக்கும். ஈஸ்டர் திருநாளுக்குப் புதிதாக வருந்த வேண்டியதில்லை; முதல் வாழ்த்தில் 'கெர்ஸ்' என்பதை நீக்கி, 'பாஸ்' என்று அமைத்தாற் போதும்.

'வல்லாண்மை செய்தோர் மொழியை நாம் ஏன் போற்ற வேண்டும்?' என்று சிலர் வினவலாம். வினா நேரியதே. ஆப்பிரிக்கான்ஸ் வழியாகவும் கற்க வேண்டுமென்று கட்டாயப்படுத்தியதை எதிர்த்து, 1976 ஜூன் 16 அன்று சோவெட்டோ மாணவர் கிளர்ந்தெழுந்தனர். பலர் உயிர் நீத்தனர். ஆயினும், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டோருள் ஒடுக்கப்பட்ட கலப்பின மக்களும் மிகப் பலர். விடுதலைக்குப் பின் 1996இல் இயற்றப்பெற்ற அரசியலமைப்பு, அதனை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக வைத்தது; தமிழையும் தெலுங்கையும் பெயர் சுட்டி, அவற்றுக்கும் மதிப்பு உறுதி செய்யப்படல் வேண்டும் என்றது.

திணிக்கப்படும் மொழி சுமையாகிறது. விரும்பிக் கூறும் வாழ்த்தோ உறவாகிறது. பிறர் மொழியை அவர் ஒலிக்கும் வண்ணமே ஒலிக்க முயல்வது, அவரை மதிப்பதன் முதற்படியாகும். 'தமிழ்' என்னும் பெயரின் ழகரத்தை அயலார் ஒருவர் முயன்று சொல்லக் கேட்டால் நாம் மகிழ்கின்றோம். அம்மகிழ்ச்சியைப் பிறர்க்கும் நாம் அளிப்போமாக.