யாத்திரையில் துணை வரும் கைபேசி

முன்னோர் யாத்திரை புறப்படும்போது அரிசியும் புளியும் மூட்டை கட்டிக்கொண்டதோடு, வழியில் உள்ள சத்திரங்களின் பெயர்களையும் மனப்பாடமாக வைத்திருந்தனர். காசியிலும் இராமேசுவரத்திலும் நகரத்தார் அமைத்த சத்திரங்கள் இன்றும் அடியார்களுக்கு நிழல் தருகின்றன. ஆனால் இன்று நாம் தங்குவது பெரும்பாலும் முன்பின் அறியாத விடுதிகளில். நல்ல சைவ உணவு எங்கே கிடைக்கும், மருந்துக்கடை எங்கே, நம்பத்தக்க வாடகை வண்டி எது என்று அறிய வேண்டிய நிலையில் இருக்கிறோம். அதற்குக் காசு செலவில்லாத வழிகள் பல உள. அவற்றை நான் கற்றுக்கொண்டது ஓர் இக்கட்டான இரவில்.

நவக்கிரகத் தலங்களைத் தரிசிக்க எண்ணி நானும் என் இல்லத்தரசியும் கும்பகோணத்தில் தங்கியிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை மாலை ராகு காலத்தில் திருநாகேசுவரத்தில் பாலாபிஷேகம் கண்டு, மனம் நிறைந்து அறைக்குத் திரும்பினோம். இரவு உணவுக்கு முன் போட்டுக்கொள்ளும் இன்சுலினைத் தேடியபோதுதான், அதைச் சென்னை வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே விட்டுவிட்டு வந்தது தெரிந்தது. மணி எட்டரை. என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை. பசியோடு கட்டிலில் அமர்ந்திருந்தார்.

கைபேசியில் கூகுள் வரைபடத்தைத் திறந்து 'மருந்துக்கடை' என்று தமிழிலேயே தேடினேன். 'திறந்திருக்கிறது' என்று காட்டிய முதற்கடைக்கு நடந்து சென்றால் கதவு சாத்தியிருந்தது. இரண்டாவது கடையின் எண்ணுக்கு அழைத்தேன், எடுப்பாரில்லை. கோயில் வாசலில் கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்த பூக்கார அம்மையாரிடம் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை ராத்திரி கடையெல்லாம் சாத்திடுவாங்க ஐயா. ஆஸ்பத்திரியை ஒட்டி இருக்கிற மருந்துக்கடைக்குப் போங்க, அது விடிய விடிய இருக்கும்" என்றார். உடனே வரைபடத்தில் 'மருத்துவமனை' என்று தேடி, அருகில் இருந்த ஒன்றைக் கண்டு, முதலில் தொலைபேசியில் உறுதி செய்துகொண்டு ஆட்டோவில் சென்றேன்.

அங்கும் ஒரு தடை. மருத்துவர் எழுதிய சீட்டைக் கேட்டார் கடைக்காரர். கேட்டது நியாயமே. இன்சுலினில் வகைகள் பல. வகை மாறினால் ஆபத்து. எங்கள் வீட்டுச் சாவியை வைத்திருந்த அண்டை வீட்டார் சீட்டைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய பின்னரே மருந்து கைக்கு வந்தது. அவர் உணவு உண்டபோது மணி பத்தைக் கடந்திருந்தது.

அந்த இரவுக்குப் பின் நாங்கள் கடைப்பிடிக்கும் முறைகளை வாசக அன்பர்களுக்கு இங்கே தருகிறேன்.

புறப்படுமுன் மருத்துவச் சீட்டைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்துக்கொள்ளுங்கள். செல்லும் ஊரின் கூகுள் வரைபடத்தை வீட்டிலேயே பதிவிறக்கம் செய்துகொண்டால், இணையம் இல்லாத இடத்திலும் வண்டிக்கு வழி காட்டும். விடுதி, கோயில், மருத்துவமனை ஆகியவற்றை முன்கூட்டியே அதில் குறித்து வையுங்கள். தட்டச்சு கடினம் எனில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டுத் தமிழில் பேசினாலே போதும்.

ஓர் உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரங்களை மட்டும் பாராதீர்கள். எத்தனை பேர் கருத்து எழுதியிருக்கின்றனர், அவை அண்மையில் எழுதப்பட்டவையா என்பதைப் பாருங்கள். படங்களில் உணவுப் பட்டியலும் விலையும் பெரும்பாலும் இருக்கும். எங்கும் செல்லுமுன் ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.

சாதாரணக் கைபேசி மட்டும் வைத்திருப்போர் ஜஸ்ட் டயல் நிறுவனத்தின் 88888 88888 என்ற எண்ணுக்கு அழைத்து, ஊரையும் தேவையையும் சொன்னால் கடைகளின் விவரம் கிடைக்கும். அதன்பின் வணிகர்கள் சிலர் உங்களை அழைக்கக்கூடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். மக்கள் மருந்தகங்கள் எங்கு உள்ளன என அறிய 'ஜன் ஔஷதி சுகம்' என்னும் அரசுச் செயலி உதவும்.

சில எண்களைத் தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருப்பது நலம்: ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, ரயில்வே 139, மூத்த குடிமக்கள் உதவி 14567. கடைசியாகச் சொன்னது காலை 8 முதல் இரவு 8 வரை இயங்கும். சுற்றுலா அமைச்சகத்தின் 1363 இரவும் பகலும் இயங்கும்; வடநாட்டு யாத்திரையில் ஆங்கிலத்திலோ இந்தியிலோ பேசலாம்.

வங்கியில் பணியாற்றியவன் என்ற முறையில் ஓர் எச்சரிக்கை. கோயில் விடுதிகளின் பெயரில் போலி இணையதளங்களும் போலி எண்களும் உலவுகின்றன. வரைபடத்தில் ஓர் எண் இருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது. தேவஸ்தான அறைகளை அந்தந்தத் தேவஸ்தானத்தின் அதிகாரப்பூர்வத் தளத்திலோ அலுவலகத்திலோ மட்டும் பதிவு செய்யுங்கள். முன்பணத்தைத் தனிநபர் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்திவிடுங்கள். நமக்குப் பணம் வருவதற்கு ரகசிய எண்ணை இட வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. "திருப்பித் தருகிறோம், எண்ணை இடுங்கள்" என்பவர் பணத்தை எடுக்கப் பார்க்கிறார் என்று கொள்க. ஏமாந்துவிட்டால் வெட்கப்படாமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்து, உங்கள் வங்கிக்கும் தெரிவியுங்கள். எவ்வளவு விரைவில் சொல்கிறோமோ, பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம்.

இத்தனை சொன்ன பிறகும் ஒன்றை மறவாதீர்கள். கைபேசி கடையின் இருப்பிடத்தைச் சொல்லும். ஞாயிற்றுக்கிழமை இரவில் எது திறந்திருக்கும் என்பது அவ்வூராருக்கே தெரியும். அர்ச்சகர், பூ விற்பவர், ஆட்டோ நிறுத்தத்தில் இருப்பவர் ஆகியோரிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

மறுநாள் காலை ஆலங்குடிக்குப் புறப்படுமுன் அந்தப் பூக்கார அம்மையாரிடம் சென்றோம். "அம்மாவுக்கு மருந்து கிடைச்சுதா?" என்பதே அவருடைய முதற்கேள்வி. இரண்டு முழம் மல்லிகை வாங்கிக்கொண்டோம். குருபகவான் சன்னிதியில் எங்கள் குடும்பத்தாரின் பெயர்களோடு அவருடைய நலத்துக்காகவும் வேண்டிக்கொண்டார் என் மனைவி.