திரையிலிருந்து ஏன் மொழி வரவில்லை?

ஒன்பது மாதக் குழந்தையின் காதில் புது மொழி ஒன்றை ஏற்ற முடியுமா? அமெரிக்காவின் சியாட்டிலில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் பட்ரீசியா கூல் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆங்கிலம் மட்டுமே புழங்கும் வீட்டுக் குழந்தைகள் ஆய்வகத்துக்கு வந்தார்கள். மாண்டரின் சீனம் பேசும் ஒருவர் எதிரே உட்கார்ந்து பொம்மை காட்டினார், படப்புத்தகம் வாசித்தார். ஒரு தடவைக்கு 25 நிமிடம், மொத்தம் 12 தடவை.

பிறகு பரீட்சை. மாண்டரினில் வேறுபடுகிற, ஆங்கிலத்தில் இல்லாத இரண்டு ஒலிகள். (நம் ல, ள வித்தியாசம் வெளிநாட்டவர் காதில் விழாதது போலத்தான்.) ஒலி மாறும்போது குழந்தை தலையைத் திருப்பினால் பரிசாக ஒரு பொம்மை ஆடும். வெறும் ஐந்து மணி நேரப் பழக்கத்தில், தைவான் குழந்தைகளுக்கு இணையாக அவர்கள் தலையைத் திருப்பினார்கள்.

இன்னொரு குழுவுக்கும் அதே ஆட்கள், அதே பொம்மைகள், அதே நேரம். ஆனால் டிவியில். வேறொரு குழுவுக்கு ஒலிப்பதிவு மட்டும். இந்த இரண்டு குழுவும், மாண்டரினையே கேட்காத குழந்தைகளைவிடச் சிறிதும் மேலாகச் செய்யவில்லை. 2003-இல் வெளிவந்த முடிவு இது.

ஏன்? எதிரே இருக்கும் மனிதர் குழந்தையின் கண் போகும் இடத்தைப் பார்த்து, அந்தப் பொருளின் பெயரைச் சொல்கிறார். குழந்தை 'ங்கா' என்றால் நிறுத்திப் பதில் கொடுக்கிறார். வீடியோ தன்பாட்டுக்கு ஓடுகிறது. அப்படியென்றால் குற்றம் கண்ணாடித் திரையிலா? இல்லை என்கிறது 2014-இல் வந்த ஓர் ஆய்வு. வீடியோ காலில் நேரடியாகப் பேசியவரிடமிருந்து இரண்டு வயதுக் குழந்தைகள் புதுச் சொற்களைப் பிடித்துக்கொண்டார்கள். பதிவு செய்த வீடியோவிலிருந்து பிடிக்கவில்லை. கடல் தாண்டியிருக்கும் பேரனை வீடியோ காலில் கொஞ்சும் பாட்டிகள் நிம்மதியாகத் தொடரலாம்.

பெற்றோருக்குச் சங்கடமான ஆய்வு ஒன்றும் உண்டு. வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் ஜூடி டிலோச் குழு 2010-இல் வெளியிட்டது. ஒரு வயது முதல் ஒன்றரை வயதுவரை உள்ள குழந்தைகள், சொல் கற்றுத்தருவதாக விற்கப்பட்ட டிவிடி ஒன்றை ஒரு மாதம் வீட்டில் பார்த்தார்கள். தனியே பார்த்தவர்கள் மட்டுமல்ல, பெற்றோர் கூடவே உட்கார்ந்து பார்த்தவர்களும் அதைப் பார்க்காத குழந்தைகளைவிட அதிகம் கற்கவில்லை. டிவிடி இல்லாமல், அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோரே அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்த குழந்தைகள்தான் முந்தினார்கள். வேடிக்கை என்னவென்றால், டிவிடியை விரும்பிய பெற்றோர் தம் பிள்ளை நிறையக் கற்றதாக நம்பினார்கள். "எங்க பாப்பா யூடியூப் பார்த்தே எல்லாம் கத்துக்கிட்டா" என்ற பெருமையை இனிக் கொஞ்சம் சந்தேகத்தோடு கேட்க வேண்டும்.

குழந்தை பார்க்காத டிவியும் சும்மா இருப்பதில்லை. பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சி ஓடிய அறையில் விளையாடிய ஒன்று முதல் மூன்று வயதுக் குழந்தைகள் திரையை எப்போதாவதுதான் ஏறிட்டார்கள். ஆனாலும் ஒரு பொம்மையோடு நீடித்து விளையாடும் நேரம் குறைந்துபோனது. பின்னணியில் டிவி ஓடும்போது பெற்றோர் பிள்ளையோடு பேசுவதும் குறைகிறது என்று வேறோர் ஆய்வு காட்டியது. மாலை முழுக்க சீரியல் ஓடும் வீடுகளுக்கு இது நேராகப் பொருந்தும். பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குவது சுலபம். நம் ரிமோட்டைக் கீழே வைப்பதுதான் கஷ்டம்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கத்தின் வழிகாட்டுதல் தெளிவாகவே இருக்கிறது: இரண்டு வயதுவரை, உறவினரோடு எப்போதாவது பேசும் வீடியோ கால் தவிர, திரையே வேண்டாம், இரண்டிலிருந்து ஐந்து வயதுவரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் கண்காணிப்பில். வேலைக்குப் போய்த் திரும்பும் பெற்றோருக்கு நாள் முழுக்கக் கதை சொல்ல நேரமிருக்காது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவும் வேண்டாம். சோறு ஊட்டும் அந்த இருபது நிமிடத்துக்குப் போனை வேறு அறையில் வைத்துவிட்டுப் பிள்ளையோடு பேசுங்கள்.