வெள்ளத்தின் பரப்பை வரையறுப்பவை: தாமிரபரணி தரும் பாடமும் கரையோர மக்களின் உரிமைகளும்

ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் வெள்ளம் எவ்வளவு தூரம் பரவும் என்பதை மழையின் அளவு மட்டும் தீர்மானிப்பதில்லை. அம்மழை எங்கே, எவ்வளவு நேரத்தில் பெய்கிறது, விழுந்த நீரை நிலம் எந்த அளவுக்கு உறிஞ்சுகிறது, எஞ்சிய நீர் வடிய வழி இருக்கிறதா என்பனவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் தாமிரபரணிக் கரையில் நேர்ந்த பேரழிவு இதற்குத் தெளிவான சான்றாகும்.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

பொதிகை மலையில் தோன்றி, ஏறத்தாழ 128 கி.மீ. ஓடி, புன்னக்காயல் அருகே கடலில் கலக்கும் இந்த ஆற்றின் பெரிய அணைகளான பாபநாசமும் மணிமுத்தாறும் மலையை ஒட்டியே அமைந்துள்ளதால், தம் நீர்ப்பிடிப்புப் பகுதியில், அதாவது தம்மை நோக்கி நீர் வழிந்துவரும் நிலப்பரப்பில், பெய்யும் மழையை மட்டுமே அவற்றால் ஓரளவு தேக்க முடியும். ஆனால் அந்த டிசம்பரில் சமவெளியிலும் கடலோரத்திலும் ஒருசேரப் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 செ.மீ. பதிவாயிற்று.

இச்சமவெளியின் குளங்கள் பல ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஒரு குளம் நிரம்பினால், உபரிநீர் வழிந்தோடக் கரையில் கட்டப்பட்ட கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து அது அடுத்த குளத்தைச் சேரும். கலிங்கு தூர்ந்திருந்தாலோ, மறுகால் ஓடை வீட்டுமனையாக மாறியிருந்தாலோ, நீர் கரையை அரித்து உடைக்கும்; அவ்வாறு பாயும் நீர் கீழுள்ள குளத்தையும் உடைக்கக்கூடும். 2023இல் பல குளங்கள் உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் அருகே தண்டவாளத்தின் அடியிலிருந்த சரளையும் மண்ணும் அடித்துச் செல்லப்பட்டு இருப்புப்பாதை அந்தரத்தில் தொங்கியது. ரயிலில் வந்த நூற்றுக்கணக்கானோர் நிலையத்திலேயே சிக்கினர். ஆற்றுப்படுகையில் மண்டும் சீமைக்கருவேலமும், போதிய கண்கள் இல்லாத பாலங்களும், முகத்துவாரத்தில் எதிர்த்து நிற்கும் கடல்மட்டமும் இத்தகைய வேளைகளில் வடிதலை மேலும் தாமதப்படுத்துகின்றன.

சட்டம் தரும் உரிமைகள்

நீர்நிலைகளைக் காப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு அளிக்கும் வாழ்வுரிமையோடு இணைந்தது என 2001இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டில் அரசுக் குளங்களின் எல்லையை அளந்து ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் குளங்கள் பாதுகாப்புச் சட்டம் வழிசெய்கிறது. அணைப் பாதுகாப்புச் சட்டம், 2021, பெரிய அணைகளுக்கு அவசரகாலச் செயல்திட்டத்தையும், அணைநீர் எந்தெந்த இடங்களை மூழ்கடிக்கும் எனக் காட்டும் வரைபடத்தையும் கட்டாயமாக்குகிறது. தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம் ஆகியவற்றுக்கும், உயிரிழப்பு, வீட்டுச் சேதம் ஆகியவற்றுக்கான கருணைத்தொகைக்கும் குறைந்தபட்ச அளவுகளை வகுக்குமாறு பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2005, இயற்றப்பட்டபோது கூறியது. ஆகவே நிவாரணம் என்பது எவரும் மனமிரங்கி அளிக்கும் தானமன்று.

மக்கள் செய்யக்கூடியவை

மனை வாங்குவோர் பத்திரத்தோடு நின்றுவிடாமல், நிலம் முன்பு எவ்வகையில் பதிவாகியிருந்தது என்பதை வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டிலும் புலப்படத்திலும் சரிபார்க்க வேண்டும். ஓடை, குளம், வாய்க்கால் புறம்போக்கு எனப் பதிவான நிலம் வெள்ளக்காலத்தில் நீருக்கே உரியதாகும். ஊர்க்குளத்தின் பரப்பு, கலிங்கின் நிலை, கடைசியாகத் தூர்வாரிய ஆண்டு ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டால் 30 நாள்களுக்குள் பதில் தரப்பட வேண்டும். அவ்வாறு பெற்ற விவரங்களைக் கொண்டு கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியரிடம் அளிக்கலாம். பயனில்லையெனில் உயர் நீதிமன்றத்தை நாடலாம். ஆக்கிரமிப்பை அகற்றும்போது கரையோரத்தில் வாழும் ஏழைகளுக்கு முன்னறிவிப்பும் மாற்றிடமும் கிடைக்க வேண்டும் என்பதும் இக்கோரிக்கையின் பகுதியாக இருத்தல் அவசியம். வெள்ள நேரத்தில் 1077 என்ற எண்ணில் மாவட்டக் கட்டுப்பாட்டு அறையையும், 1070 என்ற எண்ணில் மாநிலக் கட்டுப்பாட்டு அறையையும் அழைக்கலாம்; சேதத்தைப் படமெடுத்து, கிராம நிர்வாக அலுவலரின் கணக்கெடுப்பில் பதிவாகியுள்ளதா என உறுதிசெய்துகொள்வது இழப்பீட்டுக்கு உதவும்.

மழையைக் குறைக்க எவராலும் இயலாது. ஆனால் அடைபட்ட கலிங்கையும் மறைந்த மறுகாலையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே மீட்டெடுத்தால், அதே மழை மூழ்கடிக்கும் வீடுகளின் எண்ணிக்கையை நிச்சயமாகக் குறைக்க இயலும்.